கிட்னியையும் ஒரு எட்டு பாருங்க, டாக்டர்!

மாசா மாசம் அந்த மூன்று நாள் வந்தால் போதும். யூரின் போகும்போது சுள்ளென்று ஒரு வலி. போய்விட்டு வந்த பத்தாவது நிமிஷம் மறுபடி போகவேண்டும் போல ஒரு முட்டல். அடிவயிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டாற்போல கனக்கும். மாதவிலக்கு நின்றதும் எல்லாம் மாயமாய் மறைந்துவிடும். அடுத்த மாதம் அதே நாளை ஒட்டி மறுபடியும் ஆஜர்!

உங்களுக்கோ, உங்கள் மகளுக்கோ, மருமகளுக்கோ இப்படி இருக்கிறதா? அப்படியானால் தயவுசெய்து இந்தக் கட்டுரையைப் பாதியில் மூடிவைத்துவிடாதீர்கள்.

நம் வீடுகளில் என்ன சொல்வார்கள் என்பது தெரிந்ததுதானே! "சூட்டு உடம்பு. ரெண்டு இளநீர் குடி, சரியாப் போயிடும்" என்பார் பாட்டி. "தண்ணியே குடிக்க மாட்டேங்கறா, அப்புறம் நீர்க்கடுப்பு வராம என்ன செய்யும்?" என்பார் அம்மா. வலி தாங்காமல் அழுதால், "பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

சரி, டாக்டரிடம் போகிறோம். "யூரினரி இன்ஃபெக்ஷன்" என்று ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதித் தருகிறார். சாப்பிடுகிறோம். ஐந்தாம் நாள் வலி போயே போச்சு! "அந்த டாக்டர் கைராசிக்காரர்" என்று நாலு பேரிடம் சொல்கிறோம்.

கொஞ்சம் யோசியுங்கள். மாத்திரையும் ஐந்து நாள். மாதவிலக்கும் ஏறக்குறைய ஐந்து நாள். வலியை விரட்டியது மாத்திரையா, அல்லது விலக்கு முடிந்ததால் தானாகவே விலகிக்கொண்டதா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்காததால், வருடக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருக்கும் பெண்கள் உண்டு. யூரின் கல்ச்சர் டெஸ்ட் எடுத்தால் கிருமி எதுவும் இல்லை என்று வரும். "கிருமிதான் இல்லையே, அப்புறம் ஏன் வலிக்குது?" என்று கேட்டால் பதில் வராது.

பதில் இருக்கிறது. ஆனால் அது இரண்டு டாக்டர்களின் அறைகளுக்கு நடுவே கிடக்கிறது. மாதவிலக்கு வலி என்றால் லேடி டாக்டர். யூரின் கோளாறு என்றால் யூராலஜிஸ்ட். இரண்டும் ஒரே நோயாக இருக்கக்கூடும் என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்த விஷயம்.

இடம் மாறி வளரும் பயிர்

அந்த நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் விஷயம் எளிமையானது. கர்ப்பப்பையின் உட்புறத்தில் மெத்தை போல ஒரு சவ்வு மாதாமாதம் வளர்ந்து, கருத்தரிக்காவிட்டால் உதிர்ந்து மாதவிலக்காக வெளியேறுகிறது. அதே மாதிரியான திசு, கர்ப்பப்பைக்கு வெளியே, இருக்கக்கூடாத இடத்தில் முளைத்துவிடுவதுதான் எண்டோமெட்ரியோசிஸ்.

வெளியே முளைத்த திசுவும் ஹார்மோனின் பேச்சைத்தான் கேட்கும். மாதவிலக்கு சமயத்தில் அதுவும் வீங்கும், கசியும். கர்ப்பப்பையில் உதிர்வது வெளியேற வழி இருக்கிறது. இதற்கு வழி ஏது? உள்ளேயே தங்கி, சுற்றியுள்ள இடத்தைப் புண்ணாக்கி, ஆறிய தழும்பு மேல் தழும்பாக இறுகி, பக்கத்து உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது.

இது ஏதோ புது வியாதி என்று நினைக்காதீர்கள். வியன்னாவைச் சேர்ந்த ரோகிடான்ஸ்கி என்ற மருத்துவ மேதை 1860-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மாதவிலக்கு ரத்தத்தில் கொஞ்சம் பின்வாங்கி, கருக்குழாய் வழியாக வயிற்றுக்குள் போய் விதை போல விழுகிறது என்ற விளக்கத்தை அமெரிக்க டாக்டர் ஜான் சாம்ப்ஸன் 1927-ல் விரிவாக எழுதினார். பெரும்பாலான பெண்களுக்கு அப்படிக் கொஞ்சம் ரத்தம் பின்வாங்கத்தான் செய்கிறது. சிலருக்கு மட்டும் ஏன் அது பயிராகிறது என்பதற்கு முழு விடை இன்றைக்கும் கிடைக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. உங்கள் தெருவில், உங்கள் ஆபீஸில், உங்கள் சொந்தத்தில் கட்டாயம் ஒருவர் இருப்பார்.

சத்தம் போடும் பை, வாய் திறக்காத குழாய்

இந்தத் திசு பெரும்பாலும் சினைப்பையிலும், கர்ப்பப்பைக்குப் பின்புறமும் குடியேறும். சிலருக்கு மூத்திரப் பாதையையும் பிடித்துக்கொள்ளும். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களில் சுமார் நூற்றில் ஒருவருக்கு இப்படி ஆவதாகப் பழைய கணக்கு. ஆழமாக வேர்விட்ட வகையில் இது இன்னும் அதிகம்.

மூத்திரப் பாதையில் அதிகம் அகப்படுவது சிறுநீர்ப்பைதான். கர்ப்பப்பைக்கு முன்னால் ஒட்டினாற்போல இருப்பதால், பையின் வெளிச்சுவரில் ஆரம்பித்து உள்நோக்கித் துளைத்துக்கொண்டு போகும். இது சத்தம் போடும் ரகம். எரிச்சல், முட்டல், அடிவயிற்று வலி என்று ஊரைக் கூட்டிவிடும். சிலருக்கு விலக்கு நாட்களில் யூரினில் ரத்தம் கலந்து வரும். ஆனால் "ரத்தம் வரலையே, அப்ப இது இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். ரத்தம் வராதவர்கள்தான் அதிகம். மூத்திரத் துவாரம் வழியாகக் குழாய் கேமரா விட்டுப் பார்த்து "உள்ளே சுத்தமாக இருக்கிறது" என்று சொன்னாலும் நோய் இல்லை என்று அர்த்தமல்ல. வெளியிலிருந்து வந்த வேர் இன்னும் உட்சுவரைத் தொடாமல் இருக்கலாம்.

இரண்டாவது ரகம்தான் என்னைக் கவலைப்படவைப்பது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு யூரினைக் கொண்டுவரும் குழாயை யூரீட்டர் என்பார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. நீளம் 25 முதல் 30 சென்டிமீட்டர். அகலம் மூன்று நாலு மில்லிமீட்டர்தான், பால்பாயிண்ட் பேனா ரீஃபில் மாதிரி! இந்தக் குழாய் இறங்கி வரும் வழியில், கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாயின் அடியில் நுழைந்து, கர்ப்பப்பையின் கழுத்தை ஒட்டி, இரண்டு விரற்கடைக்கும் குறைவான தூரத்தில் போகிறது. எண்டோமெட்ரியோசிஸ் தழும்பு இறுகும் இடமும் சரியாக அந்தச் சந்துதான்!

தழும்பு மெல்ல மெல்லக் குழாயைச் சுற்றி வளைத்து நெரிக்கிறது. பெரும்பாலும் வெளியிலிருந்து நெரிப்பதுதான் நடக்கும். வலதைவிட இடது பக்கத்துக் குழாய்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறது. கீழே குழாய் நெரிய நெரிய, மேலே யூரின் தேங்குகிறது. சிறுநீரகம் பலூன் போல உப்புகிறது. உள்ளே சதை தேய்கிறது.

"அப்படி இருந்தா உயிர் போற மாதிரி வலிக்குமே?" என்று கேட்பீர்கள். கல் சட்டென்று அடைத்தால் துடிதுடிக்க வைக்கும். இது சட்டென்று அடைப்பதில்லையே! மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அங்குலம் அங்குலமாக நெரிப்பதால் உடம்பு பழகிவிடுகிறது. இப்படிக் குழாய் பாதிக்கப்பட்டவர்களில் பாதிப்பேர் வரை சிறுநீரகம் சம்பந்தமான எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கக்கூடும். ரத்தப் பரிசோதனையும் காட்டிக்கொடுக்காது. ஒரு பக்கச் சிறுநீரகம் படுத்துவிட்டாலும் மறுபக்கம் அதன் வேலையையும் சேர்த்து இழுத்துப்போட்டுச் செய்வதால், கிரியேட்டினின் அளவு நார்மல் என்றே வரும்.

ஒருநாள் வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது, "இடது கிட்னி வேலை செய்யவில்லையே, தெரியுமா?" என்று கேட்பார்கள். முப்பத்தைந்து வயதில் ஒரு பெண் கேட்கவேண்டிய கேள்வியா இது?

ஒரு நிமிஷ வேலை

இங்கேதான் என் கருத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எண்டோமெட்ரியோசிஸ் என்று சந்தேகிக்கப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும், அடிவயிற்று ஸ்கேன் எடுக்கும்போதே இரண்டு சிறுநீரகங்களையும் கட்டாயம் பார்த்துவிட வேண்டும். இது ஒரு சலுகை அல்ல. அந்தப் பரிசோதனையின் ஒரு பகுதியாகவே ஆகவேண்டும்.

இதற்குப் புது மெஷின் வேண்டாம். வெளிநாட்டு மருந்து வேண்டாம். ஊசி கிடையாது, வலி கிடையாது. அதே ஸ்கேன் அறை, அதே மெஷின். வயிற்றின் இரு பக்கமும் விலாவுக்குக் கீழே வைத்து ஒரு பார்வை. அவ்வளவுதான்!

பிறகு ஏன் விட்டுப்போகிறது? சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் ஸ்கேன் சென்டரில் பார்ப்பார்கள். 'பெல்விஸ்' என்று எழுதியிருந்தால் கர்ப்பப்பை, சினைப்பையோடு முடிந்தது. பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள் ஸ்கேனில் கர்ப்பப்பை நன்றாகத் தெரியும். ஆனால் சிறுநீரகம் எட்டாத உயரத்தில் இருக்கிறது. 'சாக்லேட் சிஸ்ட்' என்று ரிப்போர்ட் வந்ததும் எல்லார் கவனமும் அந்தக் கட்டி மேல் போய்விடுகிறது. மேலே ஒருவன் மூச்சுத்திணறிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரிவதில்லை.

"நூத்துல ஒருத்தருக்கு வர்றதுக்காக எல்லாரையும் பயமுறுத்தணுமா?" என்று டாக்டர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மாதவிலக்கில் லேசாக வலிக்கும் எல்லாப் பெண்களும் ஸ்கேன் சென்டருக்கு ஓடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீர்க்கடுப்பு என்றாலே எண்டோமெட்ரியோசிஸ் என்றும் சொல்லவில்லை. பெண்களுக்கு நிஜமான கிருமித் தொற்றும் சர்வசாதாரணம். அதற்கு மாத்திரை அவசியம். ஆனால், எப்படியும் ஸ்கேன் மேஜையில் படுத்திருக்கும் பெண்ணின் சிறுநீரகத்தை ஒரு நிமிஷம் கூடப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? பார்க்காமல் விட்டால் ஏற்படும் நஷ்டத்தைத் திருப்பித்தர எந்த டாக்டராலும் முடியாது. செத்த சிறுநீரகம் மறுபடி உயிர் பெறாது.

ரிப்போர்ட்டில் 'ஹைட்ரோநெஃப்ரோசிஸ்' என்ற வார்த்தை இருந்தால் உஷாராகிவிடுங்கள். சிறுநீரகத்தில் நீர் தேங்கி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். "கல் ஒண்ணும் இல்லையாம்" என்று திருப்திப்பட்டு ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். கல் இல்லாமலே ஏன் வீங்கியது என்பதுதான் அடுத்த கேள்வி. அதைக் கண்டுபிடிக்க எம்.ஆர்.ஐ. உதவும். கல்யாணமாகாத பெண்களுக்கு உள் ஸ்கேன் எடுக்கத் தயங்குகிறார்களே, அவர்களுக்கும் இது நல்ல வழி. சிறுநீரகம் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்பதை டி.டி.பி.ஏ. என்ற ஐசோடோப் ஸ்கேன் சொல்லிவிடும்.

துளை சின்னது, வேலை பெரியது

ஆபரேஷன் என்றதும் குலை நடுங்குகிறதா? ஒரு காலத்தில் வயிற்றை நீளமாகத் திறந்துதான் செய்தார்கள். இன்று தொப்புளில் ஒரு சென்டிமீட்டர் துளை, பக்கங்களில் இன்னும் இரண்டு மூன்று சின்னத் துளைகள். கார்பன் டை ஆக்ஸைடு வாயுவால் வயிற்றை உப்பவைத்து, கேமரா வழியாக டி.வி. திரையில் பெரிதாகப் பார்த்துக்கொண்டே செய்கிறார்கள். லேப்ராஸ்கோப்பி என்ற சாவித்துவார ஆபரேஷன் இதுதான்.

இதை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர், ஜெர்மனியின் கீல் நகரத்து டாக்டர் குர்ட் ஸெம். இவர் ஒரு கைனகாலஜிஸ்ட்! 1980-ல் இவர் குடல்வாலை இந்த முறையில் எடுத்தபோது சக டாக்டர்களே கேலி செய்தார்கள். பத்தே வருடத்தில் நிலைமை தலைகீழானது. நம் நாட்டில் மும்பை டாக்டர் டெஹம்டன் உத்வாடியா 1990-ல் லேப்ராஸ்கோப் மூலம் பித்தப்பையை எடுத்துக் காட்டினார். எண்டோமெட்ரியோசிஸால் அடைபட்ட யூரீட்டரை லேப்ராஸ்கோப் மூலமே வெட்டி, நல்ல முனைகளை இணைத்துத் தைத்ததாக அமெரிக்காவில் டாக்டர் கம்ரான் நெஸாத் குழுவினர் 1992-ல் எழுதினார்கள்.

ரீஃபில் போன்ற குழாயை, வயிற்றைத் திறக்காமல், திரையைப் பார்த்துக்கொண்டே தைப்பது! இந்த நோய்க்கு லேப்ராஸ்கோப்பி பொருத்தமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இடுப்புக்குழியின் அடியாழத்தில், வெறுங்கண்ணுக்கு எட்டாத சந்துபொந்துகளை வெளிச்சத்தோடு பெரிதாக்கிக் காட்டுகிறது. வலி குறைவு. சீக்கிரம் எழுந்து நடமாடலாம்.

ஆனால் ஒன்று. நாம் எல்லாரும் துளையைப் பார்த்து மயங்குகிறோம். "தழும்பே தெரியாதாம், மறுநாளே வீட்டுக்கு வந்துடலாமாம்!" என்று பூரித்துப்போகிறோம். துளை என்பது உள்ளே போகும் வாசல்தான். உள்ளே போய் என்ன செய்தார்கள் என்பதல்லவா முக்கியம்? மேலாகத் தெரிந்ததைக் கருக்கிவிட்டு, சினைப்பைக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, குழாயை நெரிக்கும் முடிச்சை அப்படியே விட்டுவிட்டு வந்தால், தழும்பு தெரியாத ஆபரேஷனால் என்ன பிரயோஜனம்? ரோபோ ஆபரேஷன் என்ற பெயருக்கும் இதே கதைதான். எண்டோமெட்ரியோசிஸில் சாதாரண லேப்ராஸ்கோப்பியைவிட ரோபோ நல்ல பலன் தருவதாக நிரூபணமாகவில்லை. கருவி எதுவானாலும் பிடித்திருக்கும் கைதான் பிரதானம்.

சரியான ஆபரேஷன் எப்படி இருக்கும்? சிறுநீர்ப்பையில் நோய் ஆழமாக இறங்கியிருந்தால், பையின் அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு, கரையும் நூலால் தைத்துவிடுவார்கள். பை நன்றாக ஆறிவிடும் உறுப்பு. அதற்கு ஓய்வு கொடுக்க ஒன்றிரண்டு வாரம் யூரின் டியூப் இருக்கும். மூத்திரத் துவாரம் வழியாகப் போய் உட்புறம் மட்டும் சுரண்டியெடுத்தால் போதாது. நோய் வெளியிலிருந்து வந்ததாயிற்றே, மிச்சம் அங்கேயே நிற்கும், திரும்ப வரும்.

யூரீட்டரில் என்றால், தழும்பிலிருந்து குழாயைப் பக்குவமாகப் பிரித்து விடுவித்தாலே பலருக்குப் போதும். குழாயே கெட்டிருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு முனைகளை இணைப்பார்கள். சிறுநீர்ப்பைக்கு அருகில் கெட்டிருந்தால் குழாயைப் பையில் வேறிடத்தில் புதிதாக நட்டுவிடுவார்கள். சிறுநீரகம் ரொம்ப வீங்கியிருந்தால், முதலில் தேங்கிய யூரினை வடித்து அதைக் காப்பாற்றிவிட்டு, பிறகு ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார்கள்.

இதையெல்லாம் ஒரே டாக்டர் செய்வது அபூர்வம். கைனகாலஜிஸ்ட்டும் யூராலஜிஸ்ட்டும், குடலும் ஒட்டியிருந்தால் குடல் சர்ஜனும் ஒரே மேஜையில் நிற்கவேண்டும். பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குடலிலோ சிறுநீர்ப்பையிலோ யூரீட்டரிலோ ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதாகச் சந்தேகம் வந்தாலே, அதற்கென்று உள்ள சிறப்பு மையத்துக்கு அனுப்பவேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரிலும் அந்தப் பழக்கம் வரவேண்டும். ஸ்கேன் அறையில் சேராத இரண்டு டாக்டர்களை ஆபரேஷன் தியேட்டரிலாவது சேர்த்துவைப்போம்!

கூச்சப்படாமல் கேளுங்கள்

புடவை எடுக்கப் போனால் முந்தானையிலிருந்து ஓரம் வரை பிரித்துப் பார்க்கிறோம். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும்போது மட்டும் வாயைத் திறப்பதில்லை. கேளுங்கள். டாக்டர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

"டாக்டர், என் கிட்னி ரெண்டும் எப்படி இருக்கு? யூரீட்டர் பக்கத்துல நோய் இருக்கா? இருந்தா யூராலஜிஸ்ட் கூட நிப்பாரா? நோயை முழுசா எடுக்கப்போறீங்களா, மேலாக் கருக்கப்போறீங்களா? இந்த மாதிரி ஆபரேஷன் நீங்க எத்தனை செஞ்சிருக்கீங்க?" இந்த ஐந்து கேள்விகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.

ஸ்டென்ட் விஷயத்தையும் மறக்காதீர்கள். குழாயில் ஆபரேஷன் செய்தால், ஆறும்வரை அடைபடாமல் இருக்க உள்ளே 'டி.ஜே. ஸ்டென்ட்' என்ற மெல்லிய டியூப் வைப்பார்கள். பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரத்தில் எடுத்துவிட வேண்டும். வெளியே தெரியாது என்பதால் மறந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள்! வருடக்கணக்கில் விட்டால் அதன் மேலேயே கல் படிந்து, எடுப்பதற்கே தனி ஆபரேஷன் தேவைப்படும். எடுக்கவேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கி, வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள்.

எந்த ஆபரேஷனும் ஆபத்தே இல்லாதது என்று சொன்னால் நம்பாதீர்கள். தையல் கசியலாம். குழாய் மறுபடி சுருங்கலாம். நரம்பு அடிபட்டு யூரின் போகச் சில நாள் சிரமமாகலாம். சூட்டுக் கருவி பட்ட இடம் உடனே தெரியாமல், வீட்டுக்கு வந்த சில நாட்கள் கழித்து ஓட்டையாகலாம். ஆகவே ஜுரம், விலாப்பக்க வலி, வயிறு உப்புசம், பிறப்புறுப்பில் தண்ணீர் போல் ஒழுகுதல், இவற்றில் எது வந்தாலும் "ஆபரேஷன் பண்ண உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே போங்கள்.

"மாத்திரையில சரியாகாதா?" என்பது நியாயமான ஆசை. சிறுநீர்ப்பையில் மட்டும் என்றால் டையனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரைகளாலேயே பலருக்கு வலி அடங்கிவிடுகிறது. ஆபரேஷனுக்குப் பின் நோய் திரும்பாமல் தடுக்கவும் உதவுகின்றன. சீக்கிரம் குழந்தை வேண்டும் என்பவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரை சாப்பிடும்வரை கருத்தரிப்பது தள்ளிப்போகும். ஆனால் குழாயை நெரித்து இறுகிப்போன தழும்பை எந்த மாத்திரையும் கரைக்காது. வலி குறைந்துவிட்டதே என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும்போது உள்ளே சிறுநீரகம் தேய்ந்துகொண்டிருக்கலாம். சிறுநீரகம் வீங்கிவிட்டால் காத்திருப்பதற்கு நேரமில்லை.

"கர்ப்பப்பையை எடுத்துட்டா தொல்லை விட்டுது" என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நோய் இருப்பது கர்ப்பப்பைக்கு வெளியே. யூரீட்டரில் உள்ள முடிச்சை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை மட்டும் எடுப்பது, எலி அறையில் இருக்க அடுப்படிக் கதவைச் சாத்துவது போல!

வீட்டில் உள்ளவர்களுக்கு

இந்த நோய் இன்னதென்று தெரியவே பல வருடங்கள் ஆகிவிடுகின்றன என்பது உலகம் முழுக்க உள்ள கதை. அந்த வருடங்களில் பாதி, நம் வீட்டுக்குள்ளேயே கரைகிறது. "கல்யாணமானா சரியாயிடும்", "ஒரு குழந்தை பெத்துட்டா சரியாயிடும்" என்று தள்ளிப்போடுகிறோம். மாமியார்களே, "எங்களுக்கெல்லாம் வலிக்கலையா?" என்று கேட்காதீர்கள். உங்களுக்கு வலித்தபோதும் யாராவது கேட்டிருக்கவேண்டும். கணவர்களே, மாதம் மூன்று நாள் மனைவி பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமாக அலைவதைப் பார்த்தால், எரிச்சல்படாமல் தேதியைக் குறித்து வையுங்கள்.

ஆம், தேதி! நீங்கள் இன்றே தொடங்கக்கூடிய வைத்தியம் அதுதான். தினசரிக் காலண்டரில் விலக்கான நாளைக் குறியுங்கள். யூரின் எரிச்சல், முட்டல், ரத்தம், முதுகு வலி வந்த நாட்களையும் அதிலேயே குறியுங்கள். மூன்று மாதம் போதும். இரண்டும் கைகோத்துக்கொண்டு வந்தால், அந்தக் காலண்டர் தாள்களைக் கிழித்து எறியாமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். கல்ச்சர் டெஸ்டில் கிருமி இல்லை என்ற ரிப்போர்ட் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். எந்த டாக்டரானாலும் அதைப் பார்த்தபின் "வெறும் நீர்க்கடுப்பு" என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஜுரத்தோடு விலா வலி வந்தாலோ, யூரினில் ரத்தம் கண்டாலோ மட்டும் மூன்று மாதம் காத்திருக்காதீர்கள்.

பணத்துக்கு எங்கே போவது என்று மலைக்கவேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மகப்பேறு-மகளிர் நலப் பிரிவும் உண்டு, சிறுநீரியல் பிரிவும் பல இடங்களில் உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள், உங்களுக்குச் சொல்லப்பட்ட ஆபரேஷன் அதில் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

அடுத்த தடவை மாதவிலக்கு வலிக்காக நீங்களோ உங்கள் மகளோ ஸ்கேன் மேஜையில் படுக்கும்போது, இந்த ஒரு வரியைச் சொல்லிவிடுங்கள்: "கிட்னியையும் ஒரு எட்டு பாருங்க, டாக்டர்!" சீட்டில் எழுதவில்லை என்று சொன்னால், எழுதித்தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வாருங்கள். பார்த்து நன்றாக இருந்தால் நிம்மதி. இல்லையென்றால், காப்பாற்றுவதற்கு ஒரு சிறுநீரகம் மிச்சமிருக்கும்.